ஏழாவது மழைமானி

இருபது எம்பி இணைப்பு. முப்பத்தொரு மேசை.
காலை ஒன்பதுக்கு எல்லாம் ஒரே நேரம்
வாய் பிளக்கிற காகக்குஞ்சுகள்.

மட்டக்களப்பு நீர்ப்பாசனக் கந்தோரில்
கடவுச்சொல் என் கையில்.
யார் முந்தி, யார் பிந்தி,
யார் நின்று கால் கடுக்கவேண்டும் என்று
ரவுட்டருக்கு எழுதிக்கொடுப்பது நான்.

முதலாம் வரிசை மழைமானிகள்.
உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி,
நவகிரி, கட்டுமுறிவு, புணானை.
ஒரு தடவைக்கு இருநூறு எழுத்துக்கூடத் தேறாது.
மார்கழியில் அது பத்து நிமிடம் பிந்தினால்,
வான்கதவுக்குக் கீழே ஊர்கள் கிடக்கின்றன.

இரண்டாவது, தொலைபேசிக் குரல்.
துண்டுபட்டால் குரல் குரலே இல்லை.
பணிப்பாளரின் கொழும்புக் கூட்டத்தை நாலில் வைத்தேன்.
அவர் முகம் கட்டம் கட்டமாய் உடைந்த அன்று
இரண்டுக்கு ஏற்றினேன். உத்தியோகம்.
கணக்குப் பகுதியின் நாடகத்தொடர்களுக்குக்
கடைசி வரிசை,
ஒழுகும் பைப் அளவு.

அதற்குள்தான் ஒவ்வொரு நாளும்
பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு போன் வந்து முட்டும்.
பதினைந்து நிமிடம். குவைத்.
எனக்கு அது வெறும் இலக்கம்.
ஆளைக் கண்டது மறுகா,
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்:
அலுவலக உதவியாளர் கிருபைராசா
உறைந்துபோன ஒரு முகத்திடம்
"விளங்குதா? விளங்குதா?" என்று கேட்டபடி.
அந்த வீட்டு மேடம் ஒழும்ப முன்னம்
மனிசிக்குக் கிடைக்கிற நேரமாம்.
என்னைக் கண்டதும் போனைச் சட்டைப்பையில் போட்டார்.
பை மட்டும் சொன்னது: ஹலோ, ஹலோ.

மேலே வந்து புது விதி ஒன்று எழுதினேன்.
பெயர் கேட்டது பெட்டி.
மழைமானி-7 என்று அடித்தேன்.
முதலாம் வரிசை.

போன கிழமை கணக்காய்வுக்கு வந்தவர்
பட்டியலில் விரலை இழுத்துவந்து
ஏழில் நிறுத்தினார்.
"ஆறுக்குத்தானே காசு விட்டது. இது எங்க இருக்கு மிஸ்?"
"தூரத்தில."
"அங்க மழை எப்பிடி?"
கதவடியில் தேத்தண்ணித் தட்டோடு கிருபைராசா.
கோப்பைகள் மெல்லக் கிலுங்கின.
"வறண்ட இடம் சேர். ஆனா
ஒரு நாளும் வாசிப்புத் தவறாது."
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
கடிதம் இன்னும் வரவில்லை.

இன்று விடியலிலிருந்து இருட்டிக்கொண்டு பெய்கிறது.
வாவி வீதியைத் தொடப்போகிறது.
ஆறு மானிகளும் நிமிடத்துக்கு நிமிடம் எழுதுகின்றன.
இருநூறு எழுத்துக்கு இடம் இருக்கும்.
இருக்கும்தான்.
பன்னிரண்டு முப்பத்தெட்டு.
விதி ஏழின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு
இருக்கிறேன்.