ஏற்கப்படாதவை

உவர்மலையில் இரண்டாம் மாடி.
காற்றாடி மூன்றில் சுழலும், நான்கில் வைத்தால் கத்தும்.
என் திரையில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மீன்கள்.
கடலில் அவ்வளவு இல்லை.

ஒரே மீனை மூன்று பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள்,
ஒருவன் போத்தல் சாராயத்தில் ஊறவைத்து,
ஒருவன் தூரிகையால்,
மற்றவன் முன்னவர் இருவரையும் வாசிக்காமல்.
மூன்று லத்தீன், மூன்று ஆண்டு.
திருக்கடலூர்க் கரையில்
கூடக் கேட்டவனுக்கு மீன்.
இங்கே
முந்தி எழுதியவனுக்கு.

எங்கள் குடாவுக்கு வெளியே
மார்ச் மாதம் மூச்சு விடுகிற பெரிய திமிங்கிலத்துக்கு
ஒரே நூலில், ஒரே ஆண்டில்
இரண்டு பெயர் விழுந்தது.
பெருந்தலை என்றது ஒன்று.
கீழ்வாயில் பல் என்றது மற்றது.
ஒரே நாளில் பிறந்த இரண்டில் மூத்தது எது?
அறிஞர்கள் நெடுங்காலம் பிடுங்குப்பட்டார்கள்.
அது நீருக்குள் போய்
ஒரு மணித்தியாலம் கழித்து மேலே வந்தது,
அதே தலையோடு,
அதே பல்லோடு.

சேகரித்த இடம் என்றொரு கட்டம் இருக்கிறது.
அதில் எங்கள் ஊர் பதினொரு விதமாய் எழுதப்பட்டிருக்கிறது.
க் வைத்து, க் இல்லாமல்,
வெள்ளைக்காரன் வாய்க்குள் அகப்பட்டு நசிந்து,
ஒருதரம் வெறும் 'கோட்டைக்குப் பக்கத்தில்'.
எந்தக் கோட்டை?
தெரியும். சிரித்துக்கொண்டு சரிசெய்தேன்.

முதல் கிழமை நான் அழித்தேன்.
செல்லாத பெயர் நாற்பத்தேழு.
கழுவிய முற்றம் மாதிரி இருந்தது பட்டியல்.
கிண்ணியாவிலிருந்து வரும் ரிஸ்மியா
கைப்பையைக் கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு
"பழைய பேரில தேடி வாறவன் என்ன செய்வான்?
அந்த மீனே இல்லையெண்டு போயிருவான்" என்றாள்.
கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு
நாற்பத்தேழையும் மீட்டோம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி:
இதற்கு அதைப் பார்க்க.
நிலை: ஏற்கப்படாதது.
ஆனால் இருக்கிறது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

என் தாய்மாமன் இரண்டு பட்டியலில்
இரண்டு பேராய்க் காணாமற்போனவர்.
ஒன்றில் குணநாயகம்.
மற்றதில் குணநாதன், வயது ஒன்று குறைய.
இருவரும் ஒருவரே என்று
சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து
முத்திரை ஒட்டி
அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாள்.
கவுண்டரில் இருந்த பெடியன் நல்லவன்,
உடனேயே ஒன்றை வெட்டினான்.
"சரியம்மா, இனிக் குழப்பமில்லை."

வெட்டின பெயருக்குக் கீழேதான் இருந்தது
கடைசியாய் அவரைக் கண்டவரின் வாக்குமூலம்.
எந்தச் சந்தி, என்ன நிறச் சேர்ட்,
யாருடைய சைக்கிளில்.
மிஞ்சிய பெயருக்குக் கீழே
ஒரு கோடு.

யாரும் பொய் சொல்லவில்லை.
ஓர் அம்புக்குறி போட
அந்தப் படிவத்தில் இடமில்லை.

இன்று வரி தொள்ளாயிரத்து மூன்று: களவாய்.
இரண்டு பெயர், ஒரே இனம்,
சேர்த்தாயிற்று என்கிறது உலகத் தளம்.
யேசுரட்ணம் அண்ணன் ஐஸ்பெட்டியோடு மாடியேறி வந்தார்.
நான் படத்தைக் காட்டினேன்.
அவர் படத்தைப் பார்க்கவில்லை,
பெட்டியைத் திறந்து
மேசையில் இரண்டை வைத்தார்.
"இது குழம்பில உடையும்.
இது உடையாது.
ஒண்டெண்டு சொன்னவன்
சமைச்சுப் பாத்தவனே?"

தண்ணீர் விசைப்பலகைக்கு ஓடி வந்தது.
துடைத்தேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஐயத்துக்குரியது. சேர்க்க வேண்டாம்.
ஆதாரம்: யே. யேசுரட்ணம், திருக்கடலூர், நேரில்.

தொள்ளாயிரத்து மூன்று.
தொள்ளாயிரத்து மூன்று அ.

மின்வெட்டுக்கு இன்னும் பத்து நிமிடம்.
சேமித்தேன்.
திரும்பவும் ஒருக்கால் சேமித்தேன்.