நாலு நிமிடத்துக்குப் பிறகு

ஜூடோவில் நாலு நிமிடம்தான் சண்டை.
அதற்குள் தீர்ப்பு விழாவிட்டால்
கடிகாரம் பூச்சியத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கும்.
எதுவரைக்கும் என்று அதற்கே தெரியாது.

போன வருடம், கொழும்பில்,
ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவில்
பொல்காவலை நிலூஷிகாவின் கழுத்துப்பட்டி
என் கைக்குள் இருந்தது.
பிடி என்னுடையது. கால் வைத்த இடமும் என்னுடையது.
மூச்சு மட்டும்
பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி
எங்கேயோ பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது.

மேலதிக நேரத்தில் ஒரு நிமிடம் பன்னிரண்டு செக்கன்.
தோள் சொன்னதை இடுப்பு கேட்கவில்லை.
மல்லாந்து கிடந்தபோது
கூரையில் ஒரு மின்விசிறி மட்டும்
சுற்றாமல் நிற்பதைக் கண்டேன்.

சண்டைக்கு முன்னால் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்:
தோட்டத்துப் பிள்ளை, கூடை சுமந்த உடம்பு,
மலைக்காற்றில் வளர்ந்த நெஞ்சு.
சனம் கை தட்டியது.

சுமந்தேன்தான். பதினொரு மாதம்,
பதினாறாம் நம்பர் மலையில்.
கூடை தாங்கப் பழக்கும்.
தாங்கியதைச் சுழற்றி எறிய அது பழக்காது.
தலைக்கயிறு கழுத்தை ஒரே பக்கம் வளர்க்கும்,
முழங்காலைச் சரிவுக்கேற்ப மடக்கி வைக்கும்.
பதினாறு கிலோ எடுத்து
இரண்டு கிலோ குறைவென்று அரைப்பேர் விழுந்த அன்று
இந்த உடம்புக்கு யாரும் கை தட்டவில்லை.

அட்டன் கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்த மிஸ்
கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒன்பது தசம் ஒன்று. இரத்தம் காணாது பிள்ளை.
சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கிறதா?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் லயத்தில் அது இல்லாமல்
ரொட்டி தொண்டைக்குள் இறங்கியதுண்டா?

விட்டேன்.
சம்பலுக்குப் பிறகு வெந்நீர், பாதித் தேசிக்காய்.
சம்பளம் வந்த கிழமையில் ஈரல்,
வராத கிழமைகளில் கீரையும் நெத்தலியும்.
நான் வேதம் மாறிவிட்டது போல அம்மா பார்த்தாள்.

விடிய நாலே முக்கால்.
பெரிய ரோட்டிலிருந்து மேல் லயம் வரைக்கும்
முன்னூற்றுப் பதினெட்டுப் படி.
முதுகில் பஸ்லியா.
ஐம்பத்து நாலு கிலோவும் அவள் மாமியார் கதையும்.
பாதிப் படியில் சிரிக்க வைப்பாள் பாவி;
சிரிப்புக்குப் போகிற மூச்சு சும்மா வருவதில்லை.

உச்சியில் அவளை இறக்கிவிட்டு
கழுத்தில் இரண்டு விரல்.
நூற்று எண்பத்தாறு.
ஒரு நிமிடம் நின்றால் நூற்று ஐம்பத்தெட்டு.
அந்த இறக்கத்துக்காகத்தான் இந்த ஏற்றம்.
எல்லாருக்கும்தான் களைக்கும்.
யார் முதலில் திரும்பி வருகிறாள் என்பதே கேள்வி.
இறங்கு. ஏறு.
இனி அவள் முதுகில் நான், என்னிடம் கதை கிடையாது.

பிறகு டர்பன்டைன் மரத்தில் சைக்கிள் டியூப்.
இருநூறு தரம் திரும்பி, இடுப்பை நுழைத்து, இழுத்து.
மரம் ஒருநாளும் விழுந்ததில்லை.
நெஞ்சு உயரத்தில் பட்டை தேய்ந்து
வளையம் விழுந்திருக்கிறது.
காவல்காரர் இரண்டு தரம் ஏசிவிட்டுப் போனார்.

நேற்றுக் கணுக்காலில் ஓர் அட்டை,
திராட்சை அளவுக்கு ஊதிப்போய்.
முன்பென்றால் தட்டிவிட்டுப் போயிருப்பேன்.
நேற்றுக் கோபம் வந்தது.
பதினொன்று தசம் நாலு, அட்டையே,
ஏழு மாதமாய்ச் சேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை பழைய மண்டபத்தில்
கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துப் பிடித்தோம்.
உடைந்த சன்னலால் மூட்டம் வந்து
பாயின் ஓரம் ஈரமானது.
எவ்வளவு நேரமென்று தெரியாது. விரல்கள் மரத்துவிட்டன.
பஸ்லியா கதையை நிறுத்தியிருந்தாள்.

அப்போதுதான் கேட்டது,
என் காதோரம், கரகரவென்று,
இன்னொருத்தியின் மூச்சு.
இத்தனை வருடமும் என்னுடைய இரைச்சலில்
அதைக் கேட்டதே இல்லை.

இடுப்பு தயாராய் இருந்தது.
எறியவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம்
கேட்டுக்கொண்டு நின்றேன்.