பற்று

நாயின் பெயர் சில்லறை.
பள்ளத்தூரில் அறுபத்தேழு சன்னல் உள்ள வீட்டுக்கு
நானும் அதுவும் காவல்.
எனக்கு மாதம் ஒன்பதாயிரம். அதற்கு மீன்தலை.

மாசியில் ஒருநாள் சோறு வைத்தும் எழுந்து வரவில்லை.
மூக்கிலிருந்து சொட்டிய ரத்தம்
ஆத்தங்குடிக் கல்லின் பூவுக்குள் விழுந்து
பூவின் நிறமாகவே காய்ந்திருந்தது.
துடைக்கும்போதுதான் தெரிந்தது
ஓர் இதழ் கூடுதல்.

மொபெட்டின் முன்னால் சாக்கு விரித்துப் படுக்கவைத்து
புதுவயல் கால்நடை மருந்தகம்.
டாக்டர் ரெஜினா உதட்டைத் தூக்கினார்.
ஈறு சுண்ணாம்பு.
காதுக்குள் இடுக்கியை விட்டு ஒன்றைப் பிடுங்கி
வெள்ளைத் தாளில் வைத்தார்.
கால் முளைத்த ஆமணக்கு விதை.

"மண்ணெண்ணெய் தடவினீங்களா?"
தடவினேன்.
"மாட்டுக்கு அடிக்கிற மருந்து?"
மூடியில் பாதி, ஒரு வாளித் தண்ணீரில்.
அவர் திட்டவில்லை.
"உண்ணிக்கு அதெல்லாம் பழகிப்போச்சு.
நாய்க்குத்தான் இன்னும் பழகல."

ரத்தத்தில் காய்ச்சல், கடித்தது கொடுத்துவிட்டுப் போனது.
இருபத்தெட்டு நாள் மாத்திரை, சோற்றோடு.
தேறிவிட்டதென்று நடுவில் நாம் நிறுத்தினால்
உள்ளே இருப்பது நிறுத்தாது.
அப்புறம் மெல்லும் மாத்திரை ஒன்று.
மூன்று மாதத்துக்கு எது கடித்தாலும்
கடித்தது சாகும்.
விலையைச் சொன்னார்.
நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"கொசு கொண்டு வர்ற புழு ஒண்ணு இருக்கு,
இதயத்துல நூல் மாதிரி கிடக்கும்.
இங்க இருக்கான்னு தெரியல. மழைக்கப்புறம் பார்த்துடுவோம்.
இப்போதைக்கு வீட்டைப் பாருங்க.
நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான்.
சுவர்ல வெடிப்பு இருக்கா?"

சிரிப்பு வந்தது.
முட்டை வெள்ளைக்கரு குழைத்துப் பூசிய சுவரம்மா.
ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும்.

வளவில் தண்ணீர் நின்ற அண்டாக்களைக் கவிழ்த்தேன்.
ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
சுவரில் ஒன்றுமில்லைதான்.
பர்மாத் தேக்கு நிலைக்கதவில்,
கஜலட்சுமியின் யானை சுருட்டிய துதிக்கைக்குள்,
மயில்தோகையில் கண்ணுக்குள் கண்ணாக,
குடித்துவிட்டு வந்து
முட்டையிட்டுக்கொண்டிருந்தன.
ஆசாரி எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாரோ
அவ்வளவு அறைகள்.
பூட்டிக் கிடக்கும் வீடு என்கிறது ஊர்.

கோணி ஊசி, ஸ்பிரிட் ஊற்றிய டம்ளர்.
விடியும்போது தேவியின் பாதத்தில் ஒன்று.
அதையுமா என்று கொஞ்சம் நின்றேன்.
எடுத்தேன்.

கிள்ளானிலிருந்து உமையாள் ஆச்சி மாதாமாதம் கணக்குக் கேட்பார்.
வட்டிக் கடை வைத்த பரம்பரை, ஒரு காசு நழுவாது.
கதவு பாலிஷுக்கு அனுப்பிய நாலாயிரம் இருந்தது.
நோட்டில் எழுதினேன்:
நிலைக்கதவு, பூச்சி மருந்து வகையில், பற்று 3,860.
பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.
பற்று. செலவுக்கு அந்தச் சொல்.
தோலைக் கவ்வி விடாததற்கும் அதுவே.
இன்னொன்றும் உண்டு,
நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

பதினோராம் நாள் பால்காரரைப் பார்த்துக் குரைத்தது.
பன்னிரண்டாம் நாள்
மிச்ச மாத்திரையைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று
எண்ணிப் பார்த்தேன், மறைப்பானேன்.
சோற்றில் வைத்துப் பிசைந்தேன்.

இருபத்தாறாம் நாள் ஆச்சி வீடியோவில் வந்தார்.
"நாயைத் தள்ளு வெள்ளைக்கண்ணு, கதவு மறைக்குது."
தள்ளவில்லை. தூங்குது ஆச்சி என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன்.
"அந்தப் பூச்சி மருந்து எத்தனை நாள் நிக்கும்?"
மூணு மாசம்.
"அப்ப வைகாசியில மறுபடி எழுது."

திரை அணைந்தது.
சில்லறை எழுந்து சோம்பல் முறித்து
கதவில் முதுகைத் தேய்த்தது,
யானை இருக்கும் பக்கமாக.
டார்ச்சைத் தேடினேன்.