மஞ்சள் தகடு

ப்ளோவ்திவ் நகரில், மரித்சா ஆற்றுக்கு இந்தப் பக்கம்
நாலு வண்ண அச்சு இயந்திரம் ஒன்று.
அதை ஓட்டுகிறவள் நான், ஸ்லாத்தினா.
பெயரில் மட்டும் தங்கம்.
நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு
ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்தால்தான்
இளவரசிக்கு மூக்கு
மூக்கிருக்கும் இடத்தில் இருக்கும்.

அந்த வாரம் வந்தது இருபத்து நாலு பக்கப் படக்கதை.
இளவரசியின் பெயர் விஹ்ரா; சூறைக்காற்று என்று பொருள்.
மொட்டையடித்து மூன்று வாரம் ஆன தலை.
கையில் ஸ்பேனர்.
அரண்மனைச் சாக்கடை அடைத்துக்கொண்டால்
மந்திரிகள் மூக்கைப் பொத்துவார்கள்,
அவள் பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு இறங்குவாள்.
பெண் பார்க்க வந்தவனிடம்
விளக்கைப் பிடிக்கச் சொல்வாள்.
அவனும் பிடிப்பான்.
அவ்வளவுதான் அவன் கதை.

படம் போட்ட யோவ்கா கிரீடம் வரையவில்லை.
முடியே இல்லாத தலைக்கு முடி எதற்கு என்றாளாம்.
"பார்த்தால் பிளம்பர் மாதிரி இருக்கிறாளே!"
"பிளம்பர்தானே."
கடைசியில் பதிப்பாளருக்காக
அட்டையில் மட்டும் ஒன்று போட்டாள்,
சுற்றிக் கோடுகூட இழுக்காமல்
வெறும் மஞ்சளில்,
கடனே என்று.

ஜனவரி. எண்ணெய் உறைந்த இரவு.
ஆறிப்போன பனித்சாவை மென்றுகொண்டிருந்தேன்.
மஞ்சள் தகட்டில் ஒரு திருகு தளர்ந்ததை
மூவாயிரம் அட்டை ஓடிய பிறகுதான் பார்த்தேன்.
புல் நீலமாகிவிட்டிருந்தது.
சூரியன் வானத்திலிருந்து இறங்கிக்
கூரை ஓட்டில் குந்தியிருந்தது.
கிரீடம் அவள் தலையைவிட்டு வழுக்கி,
பின்னால் நின்ற வெள்ளாட்டின் கொம்புகளுக்கு நடுவே
அளவெடுத்துச் செய்ததுபோல்.

பதிப்பாளர் கத்தினார்.
என் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார், பிடித்தார்.
யோவ்கா வந்து ஓர் அட்டையை
வெளிச்சத்தில் நெடுநேரம் தூக்கிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாலைந்தைச் சுருட்டிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை.
பாதி விலைக்குப் பள்ளிகளுக்குத் தள்ளிவிட்டார்கள்.
அசெனோவ்கிராத் பாலர் வகுப்பொன்றில்
பிள்ளைகள் எல்லாப் பக்கத்திலும் ஆட்டையே தேடினார்களாம்.
(ஏழாம் பக்கத்தில் வால் மட்டும் தெரியும்.)
"ராணி வேலையை ஆட்டுகிட்ட குடுத்துட்டு
அவ சாக்கடைக்குப் போயிட்டா"
என்று விளக்கினானாம் ஒரு பொடியன்.
எழுதியவளுக்கே தெரியாத கதை.

மார்ச்சில் இரண்டாம் பதிப்பு.
"இந்த முறை ஒழுங்காக" என்று
இரண்டு அடிக்கோடு போட்ட குறிப்பு.
ஒழுங்காகத்தான் பூட்டினேன்.
முதல் தாளில்
கிரீடம் அந்த மூன்று வார மயிர்மேல் உட்கார்ந்திருந்தது.
அடுத்தவர் தொப்பியைப் போட்டுக்கொண்டவள்போல்
விழித்தாள் விஹ்ரா.
ஆடு வெறுந்தலையோடு
என்னையே பார்த்தது.

இயந்திரத்தை நிறுத்தினேன்.
எத்தனை சுற்று என்பது எனக்கு மனப்பாடம்.
ஸ்பேனர்
என் பையிலேயேதான் இருந்தது.