சுமையோடு பதிமூன்று

தடைக்காலத்தின் இருபதாம் நாள்.
மண்டபத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க,
உச்சிப்புளிப் பட்டறையில்
என் பிக்கப்பைக் கட்டைமேல் நிறுத்தி
பின்பக்கச் சுருளை உருவிப் போட்டிருந்தான் களஞ்சியம்.

ஜாக்கியில் அச்சைத் தூக்கினான்.
டயர் மட்கார்டில் உரசிய இடம்: பதினொன்றரை.
இறக்கிவிட்டான், தொங்கியது: பதினேழு.
மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் நடுவே
ஒரு வண்டி ஆடக்கூடிய மொத்த ஆட்டம்
ஐந்தரை அங்குலம்.
சாக்பீஸால் தரையில் எழுதிவிட்டு
"இதுக்குள்ள எங்க நிப்பாட்ட, ரீகன்?"

போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.
கோயம்புத்தூர்க்காரன் வண்டி,
பல்லிபோல் தரையோடு.
"அவன் நண்டு ஏத்துறானா?"

கச்சான் அடிக்கிற மாதத்தில்
பாம்பன் பாலத்தில் காலி வண்டி
பக்கவாட்டில் நகர்ந்ததைச் சொன்னேன்.
தாழ்ந்திருந்தால் காற்றுக்குப் பிடி குறையும் என்றேன்.
அது உண்மைதான்.
படம் அதைவிட உண்மை.

"காலியா அளந்து பூட்டுனா
ஐஸ் ஏறினதும் உக்காந்துரும்.
பாலத்து இரும்புப் பட்டை ஒவ்வொண்ணையும்
உன் முதுகுதான் எண்ணும்.
சுமையோட அளக்கணும்.
சுமை எங்க?"

சுமை கடலில் இருந்தது,
யாரிடமும் பிடிபடாமல்.

எதிரே நண்டுக் கம்பெனி வாசலில்
வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைக் கூப்பிட்டான்.
பழைய சுருளைத் திரும்பப் பூட்டி,
தண்ணீர் ட்ரம் இரண்டு,
பதினொரு பெண்கள்.
ஐம்பத்தைந்து என்றாள் ஜெசிந்தா.
அறுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டான்,
அவள் பார்க்காத பக்கம்.

வண்டி இறங்கியது,
நடுப்பேச்சில் ஒருவர் நிறுத்திக்கொள்வதுபோல.
அடியில் படுத்திருந்தவன் கத்தினான்:
"சிரிக்காதீங்க, டேப் ஆடுது!"
அதற்கப்புறம் கால் மணி நேரம்
எதையும் அளக்க முடியவில்லை.

இரண்டே கால் அங்குலம் விழுந்தது.
சுமையோடு பதிமூன்று,
காலியாகப் பதினைந்தே கால்.
மூடினால் பதினொன்று, விரிந்தால் பதினேழு,
அந்த நீளத்தில் மதுரையில் சொல்லிவிடலாம்.
இடிக்கும் முன்னே தாங்க ஒரு ரப்பர்.

இறங்கும்போது சீனிப்பாத்து
பலகை விளிம்பை இடுப்போடு வைத்துப் பார்த்து,
"பெட்டி தூக்க இதுவே போதும், இதுக்கு மேல ஏத்தாத"
என்றுவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

எல்லோரும் இறங்கியதும் வண்டி எழுந்தது,
நான் கேட்டதைவிட
நாலு விரல் உயரமாக.

சரி என்று முன்பணம் கொடுத்தேன்.
படத்தை இன்னும் அழிக்கவில்லை.