இரண்டாம் ஞாயிறு, மூன்று மணி

"ஓசிச் சாமானுக்கு எதுக்கு ஓய் சங்கம்?
சங்கத்துக்கு எதுக்குச் சந்தா?"
பதியப் போனபோது பதிவாளர் ஆபீஸில் கேட்டார்கள்.
கட்டற்ற மென்பொருள் வேறு, ஓசி வேறு என்று
கோலப்பன் சார் ஒரு மணிநேரம் விளக்கினார்.
நான் பொருளாளர், சுருக்கமாகச் சொல்வேன்:
மாதம் ஐம்பது ரூபாய்.
முப்பது மாடி வாடகைக்கு.
மீதி பழம்பொரி, கட்டஞ்சாயா.

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் கடையின் மாடி.
கீழிருந்து ஏறிவந்த புகைமணம்
எங்கள் மடிக்கணினிகளுக்குள் குடியேறிவிட்டது,
எதைத் திறந்தாலும்
அதுதான் முதலில் திறக்கும்.

மழை பெய்தால் வருகை கூடும்.
பால்வெட்டு இல்லாத நாளில்
ஞானசிகாமணி காலையிலேயே வந்து
யாரோ தூக்கிப்போட்ட கணினியில்
லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்.

அன்றும் மழை.
ஒரு செயலியின் தமிழாக்கம்,
இருநூற்றுப் பதினான்காம் வரி:
இணையம் நின்றால் திரையில் வரவேண்டிய
இரண்டே சொல்.
"தொடர்பு இழந்தது" என்றார் பீர்கண்ணு.
"அறுந்தது" என்று ஷைபின் அடித்தே விட்டான்.
"துண்டிக்கப்பட்டது."
முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸில் சொன்னதையே
கோலப்பன் சார் இங்கேயும் சொன்னார்.
சாயா ஆறியது.
ஒருவர் ராஜினாமா செய்து இறங்கிப் போய்
குடை இல்லாததால் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

டெல்பின் ரோஸ், மிடாலத்துக்காரி,
மூன்று மாதச் சந்தா பாக்கி,
அதுவரை வாய் திறக்கவில்லை.
"எங்க கரையில
வயர்லெஸ்ஸில ஆளு கெடைக்கலன்னா
இழந்ததுன்னோ அறுந்ததுன்னோ சொல்லமாட்டோம்.
எட்டலன்னுதான் சொல்லுவோம்.
சொல்லிட்டு
செட்ட அணைக்காம வச்சிருப்போம்."

ஷைபின் தான் அடித்ததை
எழுத்தெழுத்தாக அழித்தான்.

பாக்கி உள்ளவருக்கு வாக்கில்லை, விதி ஆறு.
வாசித்தது நான்தான்.
அவள் சொல்லுக்கு அவள் கைதூக்கவில்லை.
ஏழுக்கு நாலு,
'தொடர்பு எட்டவில்லை.'
எட்டாதது தொடர்பா ஆளா என்று
கோலப்பன் சார் எதிர்ப்பைப் பதியச் சொன்னார்.
பதிந்தேன்.

எந்த நாட்டிலோ இருக்கிற
முகம் தெரியாத ஒருவர் ஏற்கவேண்டும்.
அனுப்பிப் பத்தொன்பது நாள்.
ஷைபின் தினமும் பார்க்கிறான்.

டெல்பின் நூற்றைம்பது கட்டினாள்,
ஈரமான நோட்டு, ரசீது எண் எண்பத்தெட்டு.
எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒரு துளை வேலை செய்யவில்லை.
அடுத்த மாதம் வாங்கணும்.