மார்கழிக் கல்யாணங்கள்

சீட்டு விழுந்தது.
கழிவு போகக் கைக்கு வந்தது
ஆறாயிரத்து இருநூறு.
ஒரு கவரில் போட்டு மானிட்டருக்குப் பின்னால் வைத்தேன்,
எதற்குச் செலவாகப் போகிறதோ
அதன் பக்கத்திலேயே இருக்கட்டுமென்று.

பதினொரு வருஷப் பெட்டி.
டவுன்ஹால் ரோட்டில் கடைகடையாக விலை கேட்டு
உதிரி உதிரியாக வாங்கி
செல்லூர் வீட்டில் பாய் விரித்து
நானும் தங்கை அங்கயற்கண்ணியும் பூட்டியது.
ஒரு திருகு மிஞ்சியது.
அது எங்கே போயிருக்க வேண்டுமென்று
இன்றுவரை தெரியாது.

உசிலம்பட்டி வீரணன் அனுப்பும் கார்டில்
கல்யாணத்துக்கு மூவாயிரம் படம்.
ஒன்று திறப்பதற்குள் குக்கர்
இரண்டு விசில் அடித்துவிடும்.
பெண்ணின் கன்னத்தில் விழுந்த
பந்தல் துணியின் பச்சையை எடுக்கச் சொன்னால்
நீல வட்டம் சுற்றும்.
சுற்றிக்கொண்டே இருக்கும்.
அதுவரை அவள் பச்சை முகத்தோடு
சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஆளுக்கொரு யோசனை.
மகன் கிராபிக்ஸ் கார்டு என்றான்
(அவன் கணக்கில் ஆல்பம் இல்லை, கார் பந்தயம் இருந்தது).
வீரணன், "பழைய இரும்புக்குப் போடுங்க,
லேப்டாப் வாங்குங்க" என்றார்.
மீதி நாற்பதாயிரம் பற்றி எதுவும் சொல்லவில்லை.
திருப்பூரிலிருந்து தங்கை: ப்ராசஸரை மாத்து.
அதை மாற்றினால் போர்டு,
போர்டை மாற்றினால் ராம்.
மாப்பிள்ளையை மட்டும்தான் கூப்பிட்டோம்,
வேனிலிருந்து பதினாறு பேர் இறங்குகிறார்கள்.

பெட்டியை மடியில் வைத்து
ஷேர் ஆட்டோவில் பாலம் தாண்டினேன்.
"டிவியா தாயி?" என்றார் பக்கத்திலிருந்தவர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சிம்மக்கல் இப்ராம்சா விலை பேசவில்லை.
"நீங்க எப்பவும் செய்ற வேலையைச் செய்யுங்கக்கா,
பாத்துக்கிட்டிருக்கேன்."
செய்தேன்.
திரையோரம் அவர் திறந்து வைத்த சின்னக் கட்டத்தில்
ப்ராசஸர் பன்னிரண்டு சதவீதம்.
ராம் முக்காலுக்குப் பக்கம்.
டிஸ்க் நூறு. நூறு. மறுபடி நூறு.

"சமையல்காரர் கரண்டியோட சும்மா நிக்கிறாருக்கா.
உக்கிராணத்துலருந்து அரிசி தூக்கி வர்ற ஆளுக்குத்தான்
முட்டி வலி.
எதுக்குப் புதுச் சமையல்காரர்?"

சுழலும் தட்டு இல்லாத புது எஸ்எஸ்டி,
இரண்டாயிரத்து அறுநூறு.
யாரோ கழற்றிப்போட்ட ராம் ஒன்று, எண்ணூறு.
பழைய டிஸ்க்கை வீசவில்லை, பக்கத்திலேயே மாட்டினார்,
கிடங்குக் காவலுக்கு.
ஊதியபோது கிளம்பிய தூசியில்
கடைப் பையன் தும்மிக்கொண்டே வெளியே ஓடினான்.
மிஞ்சிய திருகைக் காட்டினேன்.
"இது எல்லா வீட்லயும் மிஞ்சும்."

பில்லின் கடைசி வரி
நான் கேட்காதது:
செல், முப்பது ரூபாய்.

காசளவு வட்டம்.
கரண்ட் போனாலும் பெட்டிக்குள்
தேதியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது.
செத்து எத்தனை வருஷமோ.
ஒவ்வொரு காலையும் அது கண்விழித்தது
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரி ஒன்றில்.
தினசரிக் காலண்டரைப் பார்த்துத்
தேதியை நான்தான் இழுத்து வருவேன்.
அவசர நாளில் விட்டுவிடுவேன்.
அவசரமில்லாத நாள் ஏது?

இரவு பழைய டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன்.
செக்கானூரணி, வாடிப்பட்டி, திருமங்கலம், மேலூர்,
இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி
ஒரே நாளில் தாலி கட்டியிருக்கிறார்கள்.
அதுவும் மார்கழிப் பாதியில்,
ஒருத்தரும் பத்திரிகை அடிக்காத மாதத்தில்.
அதில் இரண்டு ஜோடி இப்போது சேர்ந்தில்லை.
ஒரு மாப்பிள்ளை உயிரோடில்லை;
மாலையிட்ட படத்துக்கு
இங்கிருந்துதான் முகத்தை வெட்டிக் கொடுத்தேன்.
திருத்தலாம்.
தேதிகளைத் திருத்த ஒரு ராத்திரி போதும்.
திருத்தவில்லை.

காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு
வழக்கம்போல் அடுப்படிக்குத் திரும்பினேன்.
பின்னாலேயே கூப்பிட்டது,
பாலைக்கூட எடுத்திருக்கவில்லை.

மூலையில் மணி சரி. கிழமை சரி.
சுவரில்தான்
நேற்றைய தாள் தொங்கிக்கொண்டிருந்தது.
கிழித்தேன்.